சிறுநீரக மாற்று சத்திரசிகிச்சை: வீட்டில் உள்ளவர்கள் முன்கூட்டியே அறிய வேண்டியவை

குருதி வகை பொருந்தினால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கிளிநொச்சியில் ஒரு வீட்டுக்குப் போய்ப் பேசிய பிறகுதான் அது பாதிக் கதை என்று விளங்கியது.

தம்பிக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, கிழமைக்கு இரண்டு தடவை டயாலிசிஸ். அக்கா தன்னுடையதைத் தருகிறேன் என்றார். இருவருக்கும் ஒரே குருதி வகை. ஆனால் குரொஸ் மட்ச் எனப்படும் பரிசோதனையில், அக்காவின் கலங்களைத் தாக்கும் பிறபொருளெதிரிகள் தம்பியின் குருதியில் இருப்பது தெரியவந்தது. 2009இல் காயப்பட்டபோது அவருக்குப் பல தடவை குருதி ஏற்றியிருந்தார்கள். இன்னொருவரின் குருதி ஏறும்போது உடல் இப்படியான எதிரிகளை உருவாக்கி வைத்துக்கொள்ளலாம். பெண்களுக்குக் கர்ப்பத்தாலும் இது வரும்.

அதனால் முதல் கிளினிக்கிலேயே சொல்லிவிடுங்கள்: எப்போது, எத்தனை தடவை குருதி ஏற்றப்பட்டது, எத்தனை பிள்ளைப்பேறு, உடம்பில் ஷெல் துண்டு இருக்கிறதா. கொடுப்பவரும் இதைச் சொல்ல வேண்டும். உலோகத் துண்டோடு எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்குள் போவது ஆபத்தாகலாம். வயிற்றில் காயப்பட்டு சத்திரசிகிச்சை செய்தவர் என்றால் பழைய துண்டை, அது எவ்வளவு கிழிந்திருந்தாலும், தேடி எடுத்துக்கொண்டு போங்கள். "அது பழைய கதை" என்று எங்கள் ஆட்கள் மறைக்கிற விடயம் இதுதான்.

அடுத்தது கடதாசி. கொடுப்பவரும் பெறுபவரும் உறவினர் என்றால் அதைப் பத்திரங்களால் காட்ட வேண்டும். முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்த குடும்பங்களில் எத்தனை பேரிடம் பழைய பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது? இந்த வீட்டில் அம்மாவின் பெயர் ஒரு பத்திரத்தில் ஒரு எழுத்தோடும் மற்றதில் வேறு எழுத்தோடும் இருந்தது. அதைத் திருத்தவே மாதங்கள் போயின. மருத்துவப் பரிசோதனைகள் தொடங்கும் அன்றே பிரதேச செயலகத்துக்கும் போங்கள்.

உறவில் ஆள் இல்லாதபோது, "ஆள் பிடிச்சுத் தாறம்" என்று யாராவது வருவார்கள். 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தின்படி மனித உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். 2016இல் கொழும்பில் சிறுநீரக வியாபாரம் அம்பலமானபோது, வெளிநாட்டவருக்கான மாற்று சத்திரசிகிச்சைகளையே அரசாங்கம் நிறுத்த வேண்டி வந்தது. கடன்பட்ட வன்னிக் குடும்பங்கள் வாங்குகிற பக்கத்தில் மட்டுமல்ல, விற்கிற பக்கத்திலும் நிற்கக்கூடும் என்பது என் பயம்.

கடைசியில் 58 வயது அம்மாவின் சிறுநீரகம் பொருந்தியது. சத்திரசிகிச்சை பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. பழைய சிறுநீரகங்களைப் பொதுவாக வெட்டி எடுப்பதில்லை. புதியதை அடிவயிற்றில் ஒரு பக்கமாக வைக்கிறார்கள்.

உண்மையான வேலை வீட்டுக்கு வந்த பிறகுதான். டக்ரோலிமஸ் போன்ற மருந்துகள் உடலின் எதிர்ப்பை அடக்கிப் புதிய சிறுநீரகத்தைக் காப்பாற்றுகின்றன. வழமையாக 12 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, சிறுநீரகம் வேலை செய்யும் காலம் முழுவதும். இந்த வீட்டில் ஒரு பிழை நடந்தது. கண்டி கிளினிக்குக்குப் போகும் நாளில், பஸ் ஏற முதல் வழமைபோலக் குளிசையைப் போட்டுவிட்டார். குருதியில் மருந்தின் அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டியது. நல்ல வேளை, வைத்தியர் மருந்தைக் குறைக்க முதல் "காலையில போட்டீங்களா?" என்று கேட்டார். அளவு பார்க்கும் நாளில் குளிசை பையில் இருக்கட்டும்; குருதி எடுத்த பிறகு போடுங்கள். பாமசியில் வேறு கம்பனி மருந்து தந்தால் கிளினிக்கில் கேட்காமல் மாற்ற வேண்டாம். 2022 தட்டுப்பாட்டை நினைத்து, இரண்டு கிழமைக்கான மருந்து கையிருப்பில் இருக்கும்போதே அடுத்ததற்கு அலையுங்கள்.

கிரேப் புரூட், பம்பளிமாசு இரண்டும் டக்ரோலிமஸின் அளவை ஏற்றிவிடும். டயாலிசிஸ் காலத்தில் காமரங்காய் நஞ்சுக்குச் சமம். நோவுக்கு டைக்குளோபெனாக், ஐபுபுரோபன் வாங்கிப் போடக் கூடாது. நாட்டு மருந்தும் அப்படியே, யார் சொன்னாலும். பிள்ளை பெற விரும்பும் பெண்கள் முன்பே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். மைக்கோபீனோலேற் கருவைப் பாதிக்கும்.

100.4 பாகை பரனைற்றுக்கு மேல் காய்ச்சல், சிறுநீர் குறைதல், ஓரிரு நாளில் நிறை கூடுதல், புதிய சிறுநீரகம் உள்ள இடத்தில் நோ: இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த கிளினிக் வரை பொறுக்க வேண்டாம். பனடோல் கொடுத்துக் காய்ச்சலை மறைக்கவும் வேண்டாம்.

கொடுத்தவரை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். அவருக்கும் வருடத்துக்கு ஒரு தடவையாவது குருதி அழுத்தம், கிரியற்றினின், சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும். நான் போன அன்று மகனின் கிளினிக் கொப்பி மேசையில், உறை போட்டு இருந்தது. உங்களுடையது எங்கே அம்மா என்று கேட்டேன். எழும்பிப் போய் அலுமாரிக்குள் தேடத் தொடங்கினார்.