பேராக் ரப்பர்த் தோட்டங்களில் அவரையினப் புதர்ச்செடிகள்

ரப்பர் வரிசைகளுக்கு இடையே மண்ணைக் காக்கவும் தழையுரம் பெறவும் வளர்க்கப்பட்ட, வறட்சி தாங்கும் பூச்செடிகள். டெஃப்ரோசியா காண்டிடா, கிலுகிலுப்பை இனங்கள், ஃபிளமிஞ்சியா மேக்ரோஃபில்லா ஆகியவை இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. பேராக் உட்பட மலாயாவின் ரப்பர் நிலங்களில் மண் பாழான வரலாறும் மீண்ட வரலாறும் இச்செடிகளோடு பிணைந்தவை.

இயல்பு

டெஃப்ரோசியா காண்டிடா இமயமலை அடிவாரத்துச் செடி. தமிழ்நாட்டு நெல்வயல்களுக்குத் தழையுரமாகும் கொழிஞ்சியின் உறவு. ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்து வெள்ளைப் பூக்களைக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். கிலுகிலுப்பையும் சணப்பையும் ஒரே பேரினம். மஞ்சள் பூ உதிர்ந்து காய் முற்றியதும் ஆட்டினால் உள்ளே விதைகள் கலகலக்கும். மும்மூன்று சிற்றிலைகள் கொண்ட ஃபிளமிஞ்சியா, நிழலையும் தாங்கக்கூடியது. அதன் தழை மெதுவாக மட்குவதால் மண்மேல் நெடுநாள் போர்வையாகக் கிடக்கும்.

இவற்றின் வேரைக் கிளறினால் சிறு முடிச்சுகள் தென்படும். நகத்தால் கிள்ளும்போது உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், அங்குள்ள ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கழித்துப்போட்ட தழை மட்கும்போது அந்தச் சத்து மண்ணில் சேர்கிறது.

வரலாறு

1877-இல் சிங்கப்பூர் வந்த 22 ரப்பர்க் கன்றுகளில் 9 கன்றுகள் பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியதும் காடுகள் அழிக்கப்பட்டு, தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்களின் உழைப்பில் தோட்டங்கள் பெருகின. புல் பூண்டு இல்லாத வெறுந்தரையே நல்ல தோட்டத்துக்கு அடையாளம் என்று துரைமார் கருதினர். கங்காணியின் மேற்பார்வையில் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் புல் வெட்டினார்கள். மண்ணைப் பிடித்துவைக்க எதுவும் இல்லாமற்போயிற்று. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும் ஈப்போ வட்டாரத்தில், சரிவுகளின் மேல்மண் கரைந்து ஆற்றோடு போனது. வளமிழந்த இடங்களை லாலாங் என்னும் களைப்புல் பிடித்துக்கொண்டது.

மாற்று தேடியபோது, தேயிலைத் தோட்டங்களில் பழகியிருந்த டெஃப்ரோசியா போன்ற அவரையினச் செடிகள் ரப்பர் நிலத்துக்கும் வந்தன. ஆனால் புதர்ச்செடிகளை அவ்வப்போது வெட்டிக் கழிக்க வேண்டும். அதற்கு ஆள்கூலி ஆகும். எனவே தரையோடு படரும் கலப்பகோனியம், சென்ட்ரோசீமா, புவேரேரியா கொடிகள் முதலிடம் பிடித்தன. 1925-இல் நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆய்வுக் கழகம், கொடி மூடிய நிலத்தில் வளரும் மரங்கள் பால்வெட்டும் பருவத்தை முன்னதாகவே எட்டுவதைக் காட்டியது. மரங்கள் வளர்ந்து நிழல் கவிந்ததும் கொடிகள் நலிந்துவிடும். நிழல் தாங்கும் ஃபிளமிஞ்சியா கவனம் பெற்றது இதனால்தான்.

பயிரிடும் முறை

விதைகளின் தோல் கடினமானது. சுடுநீரில் ஊறவைத்தால் முளைப்பு கூடும். நிலம் திருத்தியவுடன், களை தலையெடுக்கும் முன், மழைக்காலத் தொடக்கத்தில் சமமட்டக் கோட்டில் விதைத்துப் பாறை பாஸ்பேட் இடுவது வழக்கம். ரப்பர்க் கன்றின் அடியில் மட்டும் ஒரு வட்டம் திறந்துவிடப்படும்.

பிற்காலம்

களைக்கு முதலில் சோடியம் ஆர்சனைட்டும், 1960-களிலிருந்து பாராக்குவாட்டும் அடிக்கப்பட்டன. முதுகில் தெளிப்பானைச் சுமந்தவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துப் பெண்கள். பாராக்குவாட்டுக்கு மலேசியா 2020 சனவரி 1-இல் முழுத்தடை விதித்தது.

இதற்கிடையே பேராக்கின் ரப்பர் நிலங்களில் பெரும்பகுதி செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) மாறியது. தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்கள் காலியாகி, குடும்பங்கள் ஈப்போ போன்ற நகரங்களுக்குப் பெயர்ந்தன. 1990-களின் தொடக்கத்தில் கேரள ரப்பர்த் தோட்டங்களிலிருந்து மலேசியாவுக்கு முகூனா பிராக்டியாட்டா வந்தது. ஆழ வேரூன்றி வறட்சி தாங்கும் இந்த அவரைக்கொடி, இன்று செம்பனைத் தோட்டங்களில் பரவலாக வளர்க்கப்படுகிறது.

மதிப்பீடு

வெறுந்தரை மண்ணைக் கெடுத்தது. நச்சு மருந்து மனிதரைக் கெடுத்தது. அவரையினப் பயிர் இரண்டையும் தவிர்க்க உதவும், செலவு குறைந்த வழி. மறுநடவு செய்யும் சிறுதோட்டக்காரர்கள் முதல் மழையிலேயே அதை விதைப்பது நலம். தோட்ட வரலாறு எழுதுவோர் பால்வெட்டியவர்களோடு, புல் வெட்டியும் தழை கழித்தும் மருந்து அடித்தும் அந்த நிலத்தைப் பேணிய பெண்களையும் பதிவு செய்ய வேண்டும்.