நாட்குறிப்பு நின்ற பிறகு: ஒரு பீரங்கிப் படையைத் தேடி

"சரித்திரம்னா ராஜாக்களும் வருஷங்களும் மனப்பாடம்தானே சார்?" என்று கேட்பவர்கள் உண்டு. அப்படியல்ல. சரித்திரம் பாதிக்கு மேல் துப்பறியும் வேலை. இரண்டாம் உலக யுத்தத்தில் பங்கேற்ற ஒரு பிரிட்டிஷ் படையை எப்படித் தேடிக் கண்டுபிடிப்பது என்று பார்த்தால் இது விளங்கும்.

படையின் பெயர் 77-வது கனரக விமான எதிர்ப்புப் பீரங்கி ரெஜிமெண்ட். வேல்ஸில் கார்டிஃப் நகரைச் சுற்றி ஆள் சேர்த்த பகுதிநேரப் படை. ரக்பி, கிரிக்கெட் இரண்டிலும் பெயர் பெற்ற வில்ஃப் வூலர் இதில் இருந்தார்.

இவர்கள் கையாண்டது 3.7 அங்குலப் பீரங்கி. ஒரு ஷெல்லின் எடை சுமார் 13 கிலோ. விமானத்தைக் குறிபார்த்துச் சுட்டால் படவே படாது! மணிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்தை எட்ட ஷெல்லுக்கு 20 வினாடி ஆகிறது என்று வையுங்கள். அதற்குள் விமானம் 2 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போயிருக்கும். ஆக, அது வரப்போகிற இடத்தைக் கருவி வைத்துக் கணக்கிட்டு, ஷெல் எப்போது வெடிக்கணும் என்பதையும் முன்கூட்டியே அமைத்துச் சுடணும்.

இப்படிப்பட்ட படையின் வரலாற்றை எங்கே தேடுவது? யுத்தக் காலத்தில் பிரிட்டிஷ் படைப்பிரிவு ஒவ்வொன்றும் அன்றாடம் போர் நாட்குறிப்பு எழுதியாக வேண்டும். அவை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. உள்நாட்டில் இருந்த படைகளின் குறிப்புகள் டபிள்யூ.ஓ. 166 என்ற வரிசையில் வரும். எங்கே முகாம், யார் அதிகாரி, என்று எங்கே மாற்றல் என்றெல்லாம் அதில் பார்க்கலாம்.

1941 டிசம்பரில் இந்தப் படை கப்பலேறியது. அதே மாதம் ஜப்பான் யுத்தத்தில் குதித்தது. 1942 பிப்ரவரியில் படை ஜாவா தீவில் இறங்கியது. அம்மாதம் 15-ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8-ல் ஜாவாவின் டச்சுப் படைகள் சரணடைந்தன. மார்ச் 12-ல் பிரிட்டிஷ் தளபதி சிட்வெல் பாண்டுங் நகரில் சரண் பத்திரத்தில் கையெழுத்திட்டார். அத்தோடு நாட்குறிப்புக்கும் வேலையில்லாமல் போயிற்று.

ஆனால் ஆட்கள் இருந்தார்களே! இன்னும் மூன்றரை வருஷம் கைதிகளாக ஆசியா முழுக்கச் சிதறிக் கிடந்தார்கள். படை ஒன்றாக இருந்தவரை ஒரு நாட்குறிப்பு போதும். சிதறிய பிறகு ஒவ்வொரு ஆளாகத்தான் தேடணும். அதற்கும் வழி இருக்கிறது. ஜப்பானியர் ஒவ்வொரு கைதிக்கும் எழுதி வைத்த அட்டைகள் கியூவில் உள்ளன. 1945-ல் விடுதலையானவர்களிடம் எழுதி வாங்கிய வினாத்தாள்களும் உள்ளன. கார்டிஃப் ரக்பி ஆட்டக்காரர் லெஸ் ஸ்பென்ஸ் சிறையில் எழுதிய நாட்குறிப்பு பின்னாளில் நூலாக வந்தது. இவற்றோடு, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் இறந்தவர்களின் பெயர், படை, தேதி எல்லாம் கிடைக்கும்.

அந்தத் தேதிகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். 1943 நவம்பர் 29 என்ற ஒரே நாள் பலருக்கு வரும். ஒரே நாளில் இத்தனை பேர் எப்படி? விடை, சூயஸ் மாரு என்ற ஜப்பானியக் கப்பல். மொலுக்கஸ் தீவுகளில் பவளப் பாறையை உடைத்து விமானத் தளம் போட்டு, நோயில் விழுந்த கைதிகள் ஏறத்தாழ 550 பேரை அது ஜாவாவுக்குத் திருப்பிக் கொண்டுபோனது. உள்ளே கைதிகள் இருப்பது தெரியாமல் அமெரிக்க நீர்மூழ்கி போன்ஃபிஷ் அதைத் தாக்கி மூழ்கடித்தது. துணைக்கு வந்த ஜப்பானியக் கப்பல் தன் ஆட்களை மட்டும் ஏற்றிக்கொண்டு, தண்ணீரில் தத்தளித்த கைதிகளைச் சுட்டது. கைதிகளில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. 1949-ல் ஜப்பானியர் ஒருவரின் வாக்குமூலத்தால் விசாரணை நடந்தும், யாரும் கூண்டில் ஏற்றப்படவில்லை. கடலில் இறந்தார் என்ற அளவிலேயே குடும்பங்கள் பல்லாண்டுகள் இருந்தன.

படையின் நாட்குறிப்போடு நின்றுவிட்டால் "சரணடைந்தது" என்று கதை முடிந்துவிடும். பெயர் பெயராகப் போனதால்தான் கொலை வெளிச்சத்துக்கு வருகிறது. பிழைத்தவர்களின் கதையும் அப்படித்தான் கிடைக்கிறது. சாங்கி சிறையிலிருந்து மீண்ட வூலர், 1948-ல் கிளாமர்கன் அணிக்குத் தலைவராக இருந்து கவுண்டி கோப்பையை வென்றார்.

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. அதே வருஷங்களில், அதே ஜப்பானிய ராணுவம் மலாயா தோட்டங்களிலிருந்து சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோன தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். பீரங்கி வீரனுக்கு அட்டை உண்டு, கல்லறைப் பதிவு உண்டு. நம்மவர்களுக்கு முழுமையான பெயர்ப் பட்டியல்கூடக் கிடையாது. காகிதம் இல்லாதவர்களை எப்படித் தேடுவது? பிழைத்து வந்தவர்களின் வீடுகளில் இருக்கும் கடிதம், புகைப்படம், பாட்டி சொன்ன பேச்சு, இவைதான் அங்கே ஆவணம்.

தம்பி தங்கைகளே, உங்கள் குடும்பத்தில் மலாயா போன பெரியவர் யாராவது இருந்தால் பெயர், ஊர், வருஷம் மூன்றையும் இன்றே கேட்டு எழுதி வையுங்கள். நாளைக்கு ஒரு மாணவன் தேடி வருவான். அவனுக்குப் பிடி கிடைக்க அந்த ஒரு பக்கம் போதும்.