மூன்று நடைகளும் ஒரு தன்வரலாறும்

பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர் ஆகிய ஊர்களைச் சென்னையின் மேற்குப் புறநகர்கள் என்றே இன்று அறிகிறோம். விடுதலைக்குப் பின் எழுந்த தொழிற்சாலைகளும் அவற்றைச் சூழ்ந்த குடியிருப்புகளும் அவ்வூர்களின் முகத்தை மாற்றிவிட்டன. ஏரிகளும் வயல்களுமாய் இருந்த நாளில், பூவிருந்தவல்லிப் பக்கத்துச் சிற்றூராகிய துள்ளத்தில் 1883 ஆகஸ்ட் 26 அன்று திரு.வி. கலியாணசுந்தரனார் பிறந்தார். தண்டலம் என இன்று வழங்குவது அவ்வூரே. தமிழின் சிறந்த தன்வரலாறுகளுள் ஒன்றான 'வாழ்க்கைக் குறிப்புகள்' 1944இல் வெளிவந்தபோது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. அந்நூலை எழுதுதற்குரிய நடையை அவர் எங்ஙனம் அடைந்தார் என்பதே இங்கு நாம் எண்ணிப் பார்க்கப் புகும் பொருள்.

தம் எழுத்து நடை ஒன்றாக இருந்ததில்லை என்பதைத் திரு.வி.க. மறைக்கவில்லை. இளமையில் வாய்த்தது ஒரு நடை. சங்க இலக்கியப் பயிற்சியால் அமைந்தது மற்றொன்று. பத்திரிகை உலகில் புகுந்தபின் உருவானது மூன்றாவது. இம்மூன்றனுள் இறுதியதே தமக்கு உரியதாய் நிலைத்தது என்பது அவர் துணிபு.

இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் அவருக்குத் தமிழறிவு ஊட்டியவர் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை. 1907இல் ஆசிரியர் மறைந்தார். அடுத்த ஆண்டே மாணவர் அவருடைய சரித்திரத்தை எழுதி வெளியிட்டார். வாழ்க்கை வரலாறு எழுதும் பணியை அவர் தொடங்கியது பிறர் ஒருவரின் வாழ்விலிருந்துதான் என்பது கருதத்தக்கது. அந்நாளில் புலமைக்கு அடையாளம் நீண்ட தொடரும் அருஞ்சொல்லும் ஆகும். கற்றோர் கற்றோர்க்கென எழுதிய காலம் அது. அதில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் அந்நடை எழுதுவோனைக் காட்டிலும் அவன் கற்ற நூல்களையே மிகுதியாகக் காட்டிற்று.

1917 டிசம்பரில் அவர் 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியரானார். நாளிதழ் காத்திராது, இன்றெழுதியது நாளை படிக்கப்பட வேண்டும். படிப்போர் புலவரும் அல்லர். 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, பெரம்பூர்ப் பகுதி ஆலைத் தொழிலாளரிடையே நின்று அவர் பேசலானார். பகல் முழுதும் தறியின் இரைச்சலில் உழைத்துக் களைத்து வந்தவரிடம் நான்கடி நீளும் வாக்கியம் செல்லுமா? தொடர் குறுகியது. வினாவும் விடையும் மாறி மாறி வந்தன. 1920இல் தொடங்கிய 'நவசக்தி' அந்நடையை மேலும் பதப்படுத்திற்று.

அந்நடையைப் பேச்சு வழக்கு என்று கொள்ளலாகாது. தம்மை அவர் 'யான்' என்றே குறித்தார்; சொற்களின் தூய்மையைக் கைவிடவில்லை. புலமை போகவில்லை, அது தன்னை முன்னிறுத்துவதை விட்டது, அவ்வளவே. 1912இல் மணந்த மனைவியை 1918இல், தொழிலாளர் பணி பெருகிய அதே ஆண்டில், அவர் இழந்தார். பிள்ளைகளும் நிலைக்கவில்லை. இத்தகைய துயரை அலங்கார நடையில் கூறினால் படிப்போர் கண்ணில் படுவது அலங்காரமே. பிறர்க்கென அவர் எளிமையாக்கிக்கொண்ட நடைதான் பின்னாளில் தம் துயரைக் கூறவும் அவருக்குத் துணை நின்றது.

இவ்வுண்மையை வேறொரு நாட்டில், வேறொரு நூற்றாண்டில் உணர்ந்தவர் பேரரசர் பாபர். பாரசீகமே புலமைக்குரிய மொழியாய்ப் போற்றப்பட்ட சூழலில், தம் நினைவுகளை அவர் தாய்மொழியாகிய சகதாய்த் துருக்கியில் எழுதினார். அப்துர் ரஹீம் கான்கானான் அதனைப் பாரசீகத்தில் பெயர்த்தது பேரர் அக்பரின் காலத்தில்தான். ஹிஜ்ரி 935இல் (1528) மகன் ஹுமாயூனுக்கு வரைந்த மடலில், அவருடைய கடிதத்தின் பொருள் விளங்காமையைப் பாபர் கண்டித்தார். தெளிவாக, எளிய சொற்களால் எழுதினால் எழுதுவோர்க்கும் படிப்போர்க்கும் தொல்லை குறையும் என்பது அறிவுரையின் சாரம். ஈண்டு நோக்கத்தக்கது, படிப்பவனின் தொல்லையை ஓர் அரசர் எண்ணிப் பார்த்தமை. பத்திரிகையாளர் திரு.வி.க.வும் எண்ணியது அதனையே.

தன்வரலாற்றுக்குரிய நடை தனிமையில் தன்னையே நோக்கியிருப்பதால் மட்டும் கைவருவதன்று. யாரிடம் பேசுகிறோம் என்னும் நினைவே அதனைச் செப்பம் செய்கிறது. பார்வை மங்கிய முதுமையில், பிறரை எழுதச் செய்து திரு.வி.க. படைத்த நூல்களுக்கு 'முதுமை உளறல்' (1951), 'படுக்கைப் பிதற்றல்' (1953) என்று பெயரிட்டார். கண் போயினும் எதிரில் இருப்போரிடம் பேசும் இயல்பு போகவில்லை. 1953 செப்டம்பர் 17இல் அவர் மறைந்தார்.

துள்ளத்தைச் சூழ்ந்த வயல்களின் நினைவு அருகி வருகிறது. அம்பத்தூர்ப் பட்டறைகளிலும் ஆவடி ஆலைகளிலும் உழைத்து ஓய்வு பெற்ற முதியோர் பலர் இன்றும் அப்பகுதிகளில் வாழ்கின்றனர். ஏரி இருந்த இடத்தையும், முதல் சங்கு ஒலித்த நாளையும், அவ்வூர்கள் நகரமானதையும் கண்டோர் அவர்கள். எழுதுமாறு வேண்டினால், "எமக்கு எழுதத் தெரியாதே" என்பர். எழுத அமர்ந்தாலோ மேடைத் தமிழை இரவல் வாங்குவர். இரவல் நடையில் எழுதினால் அவர்கள் கண்ட ஊர் அதில் இராது. பேரப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் அவர்கள் எழுதட்டும். நடை பின்னே வரும்.