நிற்கும் தூண், படுத்த தூண்

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பழைய வீட்டின் மாடியை வாடகைக்குப் பிடித்தபோது என்னிடம் இருந்தவை இரண்டு பாய், ஒரு மிக்சி, சில புத்தக மூட்டைகள். கட்டிலும் மேசையும் புதிதாக வாங்கப் பணமில்லை. ஐந்து நிமிட நடையில் யூதத் தெரு. தெரு நெடுகப் பழைய சாமான். வீட்டை நிரப்ப இதைவிட வசதி வேண்டுமா என்று இறங்கிப் போனேன். ஒரு முக்காலியின் விலையைக் கேட்டேன். சும்மா பார்க்க வந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

சில வாரம் கழித்து ஒரு கல்யாணத்துக்காகக் காரைக்குடி போனவன், முனீஸ்வரன் கோயில் தெருவில் இருக்கும் பழம்பொருள் கடைகளிலும் நுழைந்தேன். இரண்டு தெருக்களையும் மனதில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தூண்டியது ஒரு தூண்தான். யூதத் தெருவில் ஒரு கடை வாசலில் பர்மா தேக்குத் தூண் ஒன்று, கீழே கல், மேலே விளக்கு வெளிச்சம் என்று கம்பீரமாக நின்றது. செட்டிநாட்டிலிருந்து வந்ததாம். காரைக்குடியில் அதன் உடன்பிறப்பைப் போல ஒன்று, நாலைந்து நிலைக்கதவுகளோடு சேர்ந்து சுவரோரம் படுத்துக் கிடந்தது. அதன்மேல் யாரோ டிபன் கேரியரை வைத்திருந்தார்கள். நிற்கும் தூணுக்கும் படுத்த தூணுக்கும் விலையில் இருந்த தூரத்தை லாரி வாடகை மட்டும் விளக்கிவிடாது.

யூதத் தெருவில் இருக்கும் பொருளெல்லாம் யூதர் வீடுகளிலிருந்து வந்தவை என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். 1568இல் கட்டிய பரதேசி யூதக் கோயில் தெருக்கோடியில் இருக்கிறது. 1948க்குப் பிறகு, முக்கியமாக 1950களில், பெரும்பாலான குடும்பங்கள் இஸ்ரேலுக்குப் போய்விட்டன. ஆனால் கடைகளில் குவிந்திருப்பதில் பெரும்பகுதி கேரளத்துத் தறவாடுகளும் (கூட்டுக்குடும்ப வீடுகள்) பழைய கிறித்தவ வீடுகளும் கழித்துவிட்டவை: நெல் சேமிக்கும் பத்தாயம், நெட்டூர்ப் பெட்டி என்னும் நகைப்பெட்டி, தொங்கும் ஆட்டுகட்டில், சாருகசேர என்னும் சாய்வு நாற்காலி, பாயசம் காய்ச்சும் உருளி, மூக்கு வைத்த கிண்டி. நிலச்சீர்திருத்தத்தால் குத்தகை நெல் வருவது நின்றது, பத்தாயம் காலியானது. 1975இல் கேரளம் இந்துக் கூட்டுக்குடும்ப முறையையே சட்டம் போட்டு ஒழித்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. தறவாட்டுச் சொத்து ஆள்கணக்கில் பங்கு பிரிந்தது. நடுமுற்றத்தைச் சுற்றிக் கட்டிய ஒரு நாலுகெட்டு வீட்டை எட்டுப் பேர் எப்படிப் பிரித்துக்கொள்வது? பிரித்து விற்றார்கள், உத்தரம் உத்தரமாக.

காரைக்குடியில் அந்த வேலையைச் சட்டம் செய்யவில்லை, பர்மா செய்தது. பர்மாவில் தொழிலும் நிலமுமாக இருந்த செட்டியார்களுக்கு 1942இல் ஜப்பான் படை வந்ததும் ஓட்டம். போருக்குப் பின் நிலங்கள் கைவிட்டுப் போயின. 1960களில் நாட்டுடைமை வந்து மிச்சத்தையும் முடித்தது. வரும்படி நின்றாலும் வீடு மட்டும் ஒரு தெருவிலிருந்து மறு தெருவரை நீண்டு நின்றது. மூன்று தலைமுறையில் பங்காளிகள் பெருகினார்கள். ஓடு மாற்றும் செலவை யார் ஏற்பது என்று முடிவாகாமலே கூரை இறங்கிய வீடுகள் உண்டு.

இதோடு செட்டிநாட்டில் இன்னொன்று சேர்கிறது, சீர். கல்யாணமாகி வரும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வரும் சாமான், வளவு என்ற நடுமுற்றத்தைச் சுற்றி அவளுக்கென்று இருக்கும் அறைக்குள் போய் அடுக்கப்படும். பித்தளை, மங்கு ஜாடி, ஸ்வீடன், ஜப்பான், செக்கோஸ்லோவாக்கியா நாடுகளின் எனாமல் அடுக்குகள் என்று ஒவ்வொன்றும் ஒன்றிரண்டாக இல்லை, டஜன் கணக்கில். பல அடுப்பையே பார்த்ததில்லை. ஆகவே காரைக்குடியில் ஒரு விசித்திரமான சரக்கு கிடைக்கிறது: எண்பது வருஷப் பழசு, ஆனால் புதுசு. சமையலறையை நிரப்ப வந்த எனக்கு ஒரே அளவில் ஆறு கிண்ணம் தேவைப்பட்டது. யூதத் தெருவில் கிண்ணம் ஒன்றே ஒன்று, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். காரைக்குடிக் கடைக்காரர் சாக்கை அவிழ்த்து, “பொறுக்கிக்கங்கண்ணே” என்று விட்டு டீ குடிக்கப் போனார். பித்தளை என்றால் தராசில் போட்டுவிடுகிறார்.

யூதத் தெருவைக் குறை சொல்லிப் பயனில்லை. மிளகும் சுக்கும் கிடந்த கிடங்குகள் அவை. மிளகு வணிகம் சுருங்கிச் சுற்றுலா பெருகியதும் சாக்கு போன இடத்தில் சிலை வந்தது. மறுபயன் என்று பார்த்தால் அந்தத் தெருவில் மிகப் பெரிய மறுபயன் பொருள் கடைக் கட்டடமே. கப்பலில் வந்து இறங்கி இரண்டு மணி நேரத்தில் திரும்புகிறவருக்குத்தான் அது கடை போடுகிறது. அவருக்கு வேண்டியது உட்காரும் நாற்காலி இல்லை, ஊருக்குப் போய்ச் சொல்ல ஒரு கதை. கதைக்கும் சேர்த்துத்தான் விலை. இதில் வேடிக்கை, கலைமதிப்புள்ள பொருள் நிஜமாகவே நூறு வயதைத் தாண்டியிருந்தால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அவர் அதை நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. அதனால் பழசு போலச் செய்த புதுசுக்கு அங்கே நல்ல கிராக்கி.

அதைக் கண்டுபிடிக்க முகப்பைப் பார்க்கக் கூடாது. இழுப்பறையை உருவிக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். அடிப்பலகையில் மெஷின் வாள் இழுத்த கோடு சீராக இருக்கிறதா? கை படும் இடமும் கால் படும் இடமும் மட்டும் தேய்ந்திருக்கிறதா, அல்லது எல்லாப் பக்கமும் அக்கறையாகத் தேய்த்திருக்கிறதா? அப்புறம் உளுப்பு. ஓட்டை இருந்தால் பயமில்லை, ஓட்டைக்குக் கீழே புது மாவு கொட்டியிருந்தால் அந்தப் பக்கமே போகக் கூடாது. தேக்கில் வைரம் பாய்ந்த உள்கட்டையைப் பூச்சி சீண்டுவது அபூர்வம். வெளிப்புறத்து வெள்ளைப் பாகத்தைத்தான் தின்னும். பலாவும் ஆஞ்சிலியும் தேக்குக்கு அடுத்தபடிதான், ஆனால் விலையில் பல படி கீழே. கொச்சியில் கை கடிக்காமல் வாங்குகிறவருக்கு அவைதான் கதி, நல்ல கதி.

கொச்சியில் கதையில்லாமல் சாமான் விற்கும் இடமும் இருக்கிறது. வீடு இடிப்பவர்கள் கதவு, ஜன்னல், உத்தரம் என்று வகை பிரித்துச் சாலையோரம் அடுக்கியிருப்பார்கள். கழிவுச் சாமானுக்கு மலையாளத்தில் ஆக்ரி என்று பேர், நம் ஊர்க் காயலான் கடையின் சகோதரன். அந்தக் கூட்டத்தில்தான் மூடிய சாயாக்கடை ஒன்றின் பலாமரப் பெஞ்சு கிடைத்தது. அரை நூற்றாண்டு வேட்டிகள் தேய்த்து வழவழப்பாக்கிய பலகை. இப்போது அதுதான் என் சோபா. ஜன்னல் கதவு இரண்டு புத்தக அலமாரியாயின.

மறுபயனில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பத்தாயத்தின்மேல் உட்காரலாம், படுக்கலாம்; நெல் இருந்த காலத்திலும் அதன்மேல் ஆட்கள் படுத்ததுண்டு. உள்ளே போர்வையைப் போட்டால் அதன் பழைய வேலை பாதி தொடர்கிறது. ஆனால் உருளியில் தண்ணீர் ஊற்றிச் செவ்வந்தி மிதக்கவிடுவதைப் பார்த்தால் பாயசத்துக்காக எனக்கு வயிறு எரியும். கஜலட்சுமி செதுக்கிய நிலையைக் கிடத்திக் கண்ணாடி போட்டு மேசையாக்குகிறார்கள். மிதித்துவிடாமல் தாண்டிப் போக வேண்டிய வாசல் அது, அதன்மேல் காப்பி டம்ளர். இது அழகுணர்ச்சி சம்பந்தப்பட்டது, சண்டைக்கு வர மாட்டேன். செதுக்கலில் படியும் தூசியைத் துடைத்தவர்கள் என் பக்கம் வருவார்கள்.

காரைக்குடியிலிருந்து எனாமல் கிண்ணங்களோடு ஒரு கணக்குப்பிள்ளை மேசையும் வந்தது. மாடிப்படி குறுகல், காலைக் கழற்ற முடிந்ததால்தான் உள்ளே நுழைந்தது. (படியின் அகலத்தை அளக்காமல் எதையும் வாங்காதீர்கள், ஆட்டுகட்டிலைக் கயிறு கட்டி ஜன்னல் வழியாக ஏற்றிய வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.) பிப்ரவரியில் வந்த மேசையின் இழுப்பறை வெண்ணெய் போல ஓடியது. ஜூனில் கடல்காற்றும் மழையும் சேர்ந்ததும் இறுகிப் போனது. செட்டிநாட்டு வறட்சியில் எண்பது வருஷம் இருந்த மரம் இங்கே ஈரத்தைக் குடித்துக் குறுக்குவாட்டில் ஊதிவிட்டது.

ஆசாரியை அழைத்து ஓரத்தை இழைத்துத் தரச் சொன்னேன். மேசையைத் தட்டிப் பார்த்தார், கீழே குனிந்து பார்த்தார், உளியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. இப்போது இழைத்தால் ஜனவரியில் விரல் நுழையும் இடைவெளி விழும் என்றார். “மழ கழியட்டே, சேட்டா.” இழுப்பறைக்குள்தான் வாடகை ரசீதுகள் இருக்கின்றன.