மாரடைப்புக்குப் பின் இதயத் துடிப்பு தடுமாறுமா? முன்கூட்டியே அறியும் வழிகள்

மாரடைப்பு என்றதும் இரத்தக் குழாய் அடைப்பை மட்டுமே நாம் நினைக்கிறோம். ஆனால் மாரடைப்பு வந்தவர் திடீரென மரணிக்க, பெரும்பாலும் உடனடிக் காரணமாக இருப்பது அந்த அடைப்பால் உண்டாகும் துடிப்புக் கோளாறுதான். இது யாருக்கு வரக்கூடும் என்று முன்கூட்டியே அறிய முடியுமா? ஓரளவு முடியும். குடும்பத்தார் தெரிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

துடிப்பு ஏன் தடுமாறுகிறது?

இதயத்தை இயக்குவது அதனுள் ஓடும் மெல்லிய மின்னோட்டம். இரத்தம் கிடைக்காத தசையில் இந்த ஓட்டம் தடம் மாறி, ஒரே இடத்தில் சுழல ஆரம்பிக்கிறது. அப்போது கீழறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கக்கூடும். இதை வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் என்பர். நாடி நின்றுவிடும். சில நிமிடங்களுக்குள் மின் அதிர்ச்சி கொடுக்காவிட்டால் பிழைப்பது அரிது. வலி தொடங்கிய முதல் சில மணி நேரத்தில்தான் இந்த ஆபத்து மிக அதிகம்.

மேலறைகள் நடுங்குவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இது உடனே உயிரைப் பறிப்பதில்லை. ஆனால் இரத்தம் உறைந்து பக்கவாதம் வரும் வாய்ப்பைச் சுமார் 5 மடங்காக்குகிறது. இதயத்தின் கீழ்ச்சுவரில் மாரடைப்பு வந்தவர்களுக்கு துடிப்பு மிகவும் மெதுவாகிவிடுவதும் உண்டு. அவர்களில் சிலருக்குத் தற்காலிக பேஸ்மேக்கர் தேவைப்படும்.

மருத்துவர்கள் எதை வைத்துக் கணிக்கிறார்கள்?

1. இ.சி.ஜி.: நெஞ்சு வலியுடன் வந்தவருக்கு 10 நிமிடங்களுக்குள் எடுக்க வேண்டும் என்பது விதி. இதில் 'க்யூ.டி.' என்னும் இடைவெளி, துடிப்பு வேகத்துக்கு ஏற்பத் திருத்திய கணக்கில் 500 மில்லி விநாடியைத் தாண்டினால் எச்சரிக்கை.

2. இரத்தப் பரிசோதனை: பொட்டாசியம், மக்னீசியம் குறைந்தால் துடிப்பு எளிதில் தடுமாறும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது குறைய வாய்ப்புண்டு.

3. எக்கோ: அறிக்கையில் 'இ.எஃப்.' என்றிருக்கும் எண் இதயத்தின் பம்ப் செய்யும் திறனைக் காட்டுகிறது. இது 35 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பின்னாளில் திடீர் மரண ஆபத்து கூடுதல்.

4. வயது, பழைய மாரடைப்பு, நுரையீரலில் நீர் கோத்தல், விரிந்த இடது மேலறை ஆகியவையும் கணக்கில் சேரும்.

கோளாறு வந்த நேரமும் முக்கியம். முதல் 48 மணி நேரத்துக்குள் வந்தது பெரும்பாலும் மாரடைப்பின் உடனடி விளைவு. அதற்குப் பிறகு வந்தால் நீண்டகால ஆபத்தின் அறிகுறி. திடீர் துடிப்புக் கோளாறைத் தானே சரிசெய்யும் ஐ.சி.டி. கருவி வேண்டுமா என்பதைப் பொதுவாக 40 நாள் கழித்து மீண்டும் எக்கோ எடுத்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஆகவே அந்த மறுபரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

இந்தக் கணிப்புக்கு எல்லையும் உண்டு. இடையிடையே தவறி விழும் துடிப்புகளை மாத்திரையால் அடக்கினால் உயிர் காக்கலாம் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1989இல் வெளியான 'காஸ்ட்' ஆய்வு அதைப் புரட்டிப் போட்டது. துடிப்பை அடக்கும் அந்த மருந்துகளைச் சாப்பிட்டவர்களில்தான் மரணம் இரு மடங்குக்கும் மேல் இருந்தது. படபடப்புக்கு நாமாக மாத்திரை வாங்கிச் சாப்பிடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதுவே சான்று.

தாமதம் எங்கே நடக்கிறது?

கிருமாம்பாக்கத்தில் ஆறுபடை வீடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அதே கடலூர் சாலையில் பிள்ளையார்குப்பத்தில் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி, கோரிமேட்டில் ஜிப்மர். பாகூர், வில்லியனூர் பகுதி மக்களுக்கு மருத்துவமனை தூரமில்லை. ஆனால் எந்தக் கணிப்பும் இ.சி.ஜி. எடுத்த பிறகுதான் தொடங்கும். மிக ஆபத்தான முதல் மணி நேரமோ வீட்டிலேயே கழிந்துவிடுகிறது. இந்தியாவில் 89 மருத்துவமனைகளில் 20,468 நோயாளிகளிடம் நடந்து 2008இல் வெளியான 'கிரியேட்' ஆய்வில், வலி தொடங்கி மருத்துவமனை சேரப் பாதிப் பேருக்கு 6 மணி நேரம் அல்லது அதற்கும் மேல் ஆகியிருந்தது.

"வாயுப் பிடிப்பு" என்று சொல்லிக் காத்திருப்பது இந்தத் தாமதத்துக்குப் பெரிய காரணம். சர்க்கரை நோயாளிகள், பெண்கள், முதியவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சுத் திணறல், வியர்வை, வாந்தி மட்டும் வரலாம். வாயுவுக்கென்று கடையில் வாங்கும் பல மாத்திரைகளில் டோம்பெரிடோன் கலந்திருக்கிறது. அதுவே க்யூ.டி. இடைவெளியை நீட்டக்கூடிய மருந்து. அஸித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகளும் அப்படித்தான்.

நாம் செய்ய வேண்டியவை

- நெஞ்சு, தாடை, இடது கை, மேல் வயிறு ஆகியவற்றில் அழுத்தமும் வியர்வையும் இருந்தால் உடனே 108ஐ அழையுங்கள். நோயாளியை நடக்கவோ பைக்கில் உட்காரவோ வைக்காதீர்கள்.
- மயங்கி விழுந்து மூச்சும் பேச்சும் இல்லையென்றால், ஆம்புலன்ஸ் வரும்வரை மார்பின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை பலமாக அழுத்துங்கள். பள்ளிவாசல் ஜமாஅத்துகள் நம் இளைஞர்களுக்கு இந்தப் பயிற்சியை ஏற்பாடு செய்வது பெரும் நன்மை.
- பழைய இ.சி.ஜி., எக்கோ, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். பழையதோடு ஒப்பிட்டால் புதிய மாற்றம் உடனே தெரியும்.
- ரமளானில் மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ நேரம் மாற்றவோ வேண்டாம். அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நோன்பு வைக்க வேண்டாம். நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை தந்திருக்கிறான்.

நோய்க்கு மருந்து தேடும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். தவக்குல் என்பது முயற்சியை விட்டுவிடுவதல்ல. நேரத்தோடு மருத்துவமனை சேர்வது நம் முயற்சி. ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ். அவன் நம் குடும்பத்தார் அனைவருக்கும் ஆரோக்கியத்தை அருள்வானாக, ஆமீன்.