ஈர்வாள்: இழுப்பதா, தள்ளுவதா?

மண்ணூர் பக்கம் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு வந்திறங்கும் பாகங்களோடு பைன் மரப் பெட்டியும் பேலட்டும் சேர்ந்தே வரும். அந்தப் பழைய கட்டையில் சாவிக்கொத்தோ கொலுவுக்குக் குட்டி வீடோ செய்து பாருங்க. கடையில வாங்கின கைரம்பத்தை வச்சதும் ஓரமெல்லாம் சிராய் சிராயாகப் பெயரும். (கட்டையில் 'எச்.டி.' முத்திரை இருக்கான்னு பாருங்க. மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிஷம் சூடாக்கியது என்று அர்த்தம். 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, தொட வேண்டாம்.)

பைன் மென்மரம், அது ஒரு காரணம். இன்னொன்று ரம்பத்தின் தகடு. தள்ளி அறுக்கும்போது தகடு மடங்கப் பார்க்கும். அதனால் அதைத் தடிமனாகச் செய்கிறார்கள், வெட்டும் அகலமாகிறது. இழுத்து அறுத்தால் தகடு தானே விறைத்து நிற்கும். மெல்லிய தகடே போதும்.

எகிப்தில் ரெக்மிரே கல்லறை ஓவியம் சுமார் 3,400 வருஷம் பழையது. அதில் தச்சர் மரத்தை நட்ட கம்பத்தில் கட்டி அறுக்கிறார். செம்பும் வெண்கலமும் தள்ளினால் வளைந்துவிடும், இழுக்கத்தான் முடியும். நல்ல இரும்பு வந்தபின் ஐரோப்பா தள்ளுவதற்கு மாறியது. நுணுக்க வேலைக்கு மட்டும் மெல்லிய தகட்டின் முதுகில் பித்தளைப் பட்டை மாட்டி விறைப்பாக்கிக்கொண்டார்கள்.

ஜப்பானும் இந்தியாவும் இழுப்பதை விடவில்லை. தரையில் உட்கார்ந்து, காலால் மரத்தை அழுத்தி வேலை செய்கிறவருக்குத் தன் பக்கம் இழுப்பதுதான் வசதி. தள்ளுவதற்கு உயரமான மேசையும் வைஸும் வேணும். தமிழில் ரம்பத்துக்கு ஈர்வாள் என்று பழைய பேர். 'ஈர்' என்ற வினைக்கு அகராதியில் அறுப்பது, இழுப்பது இரண்டும் பொருள். ஒன்றிலிருந்து மற்றது வந்ததென்று நான் அடித்துச் சொல்லமாட்டேன், ஆனா பொருத்தம் அழகா இருக்கு. இப்போ ஷெஃபீல்டு வழியில் வந்த தள்ளுரம்பமே ஹார்டுவேர் கடைகளில் வழக்கமாகத் தொங்குது. இழுத்தறுக்க ஆசைப்படுகிறவர் 'ஜப்பான் ரம்பம்' என்று ஆன்லைனில் காசு கொட்டுகிறார். கொஞ்சம் வேடிக்கைதான்.

வளைவுகளுக்கு வில் மாதிரி சட்டத்தில் நூல் போன்ற பிளேடு கட்டிய ஃபிரெட் ரம்பம். மைசூர் ரோஸ்வுட் பதிப்பு வேலையில் இலையும் யானையும் இப்படி அறுபடுவதுதான். பிளேடின் பல் கைப்பிடியைப் பார்த்து இருக்கணும். இரும்பறுக்கும் ஹாக்ஸா பழக்கத்தில் தலைகீழாக மாட்டினால் பிளேடு பட்டுனு ஒடியும்.

பல் எந்தப் பக்கம் வெளியேறுதோ அங்கேதான் சிராய் கிளம்பும். இழுரம்பத்தில் அது உங்கள் பக்கம். பிடியைக் கீழே வைத்து அறுக்கும் ஃபிரெட் ரம்பத்தில் அடிப்பக்கம், ஆக நல்ல முகத்தை மேலே வையுங்க. பலகை மெலிதானால் அதன் கனத்துக்குள் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பல்லாவது படணும். கோட்டின் மேல் முதலில் கூரான கத்தியால் கீறி நார்களை அறுத்துவிட்டால், சாதாரணக் கைரம்பத்திலேகூட ஓரம் சுத்தமா வரும்.