'வோஸ்' கடல் கடந்த கதை

பியூனஸ் அயர்ஸில் ஒரு சிறுவனிடம் பெயர் கேட்பவர் 'கோமோ தே ஷமாஸ்?' என்பார். அழுத்தம் கடைசி அசையில் விழும். மாட்ரிட்டில் அதே கேள்வி 'கோமோ தே யாமாஸ்?', அழுத்தம் முதல் அசையில். இரண்டிலும் எழுவாய் இல்லை. ஸ்பானியத்தில் எழுவாயைச் சொல்லாமல் விடுவது இயல்பு. 'வந்தாய்' என்றாலே 'நீ' விளங்கிவிடுவதுபோல அங்கும் வினையின் ஈறு ஆளைக் காட்டிவிடும். மாட்ரிட்காரர் சொல்லாமல் விட்டது 'து'. பியூனஸ் அயர்ஸ்காரர் சொல்லாமல் விட்டது 'வோஸ்'. வாயில் வராதபோதும் வினையைத் தன் பக்கம் வளைக்கிற இந்தச் சொல் வந்த வழி நெடியது.

லத்தீனில் 'வோஸ்' பலரை விளிக்கும் பன்மை. ரோமப் பேரரசின் பிற்காலத்தில் பேரரசர் ஒருவரையே பன்மையில் விளிக்கும் வழக்கம் வந்தது. அது ஐபீரியத் தீபகற்பத்திலும் பரவி, இடைக்காலக் காஸ்டிலிய மொழியில் மரியாதைச் சொல்லாக ஊன்றிக்கொண்டது. அம்மொழியின் வீரகாவியமான சீத் காவியத்தின் நாயகன் சீத், தன் அரசனையும் 'வோஸ்' என்கிறான், மனைவி ஹிமேனாவையும் 'வோஸ்' என்கிறான்.

எல்லோரும் எல்லோருக்கும் தரத் தொடங்கினால் மரியாதைச் சொல்லின் மதிப்பு இறங்கிவிடும். 16ஆம் நூற்றாண்டில் 'வோஸ்' அப்படித்தான் இறங்கியது. கனவான் ஒருவரை அப்படி அழைத்தால் சண்டை மூளும் நிலை. அந்த இடத்துக்கு வந்தது 'வுவெஸ்த்ரா மெர்செத்', அதாவது 'தங்கள் அருள்'. நாள்தோறும் புழங்கியதில் இந்த நீண்ட தொடர் தேய்ந்து, 'வுஸ்தெத்' போன்ற வடிவங்களைக் கடந்து, 17ஆம் நூற்றாண்டில் 'உஸ்தெத்' ஆனது. 'தங்கள் அருள் வருகிறதா' என்று படர்க்கையில் கேட்ட பழைய அமைப்பு மட்டும் போகவில்லை. 'உஸ்தெத்' முன்னிலையில் இருப்பவரைக் குறித்தாலும் அதன் வினை இன்றும் படர்க்கையில்தான் வரும். பன்மைக்கோ, 'மற்றவர்கள்' என்ற பொருளுடைய 'ஓத்ரோஸ்' சேர்ந்து 'வொசோத்ரோஸ்' பிறந்தது. பழைய பன்மையான 'நீர்' ஒருவரைக் குறிக்கப் போய்விட, 'கள்' ஏற்ற 'நீங்கள்' பன்மைக்கு வந்த கதை தமிழிலும் உண்டு.

இந்த ஏற்ற இறக்கம் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் ஸ்பானியர்கள் அமெரிக்கக் கண்டத்தில் குடியேறினார்கள். கப்பலில் 'வோஸ்', 'து' இரண்டும் போயின. பிறகு ஸ்பெயினில் 'வோஸ்' வழக்கொழிந்தது. நெருக்கத்துக்கு 'து', மரியாதைக்கு 'உஸ்தெத்' என்று வழக்கு நிலைத்தது. மெக்சிகோ, லிமா நகரங்களில் வைஸ்ராயின் அவை இருந்தது. தாய்நாட்டு அரண்மனைப் பேச்சு அங்கே உடனுக்குடன் வந்து சேர, அங்கும் 'து' வென்றது. கியூபாவும் போர்ட்டோ ரிக்கோவும் 1898 வரை ஸ்பெயினின் கையில் இருந்தவை. அங்கும் அதே நிலைதான். பியூனஸ் அயர்ஸ் அமைந்த லா பிளாத்தா ஆற்றுப் பகுதியோ தொலைவில் கிடந்தது. அதற்கென்று வைஸ்ராய் ஆட்சி அமைந்ததே 1776இல்தான். அங்கும் மத்திய அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் 'வோஸ்' தங்கிவிட்டது, மரியாதையை உதறிவிட்டு நெருக்கத்தின் சொல்லாக.

தங்கிய சொல் தனியாக இல்லை. 'து' தியேனெஸ், 'வோஸ்' தெனேஸ்: இரண்டும் 'உன்னிடம் இருக்கிறது' என்பதே. 'தெனேஸ்' பழைய 'தெனேதெஸ்' என்ற பன்மை வினையிலிருந்து நடுவிலிருந்த ஒலி உதிர்ந்து வந்தது. 'வா' என்பதற்கு 'வென்' இல்லை, 'வெனீ'. அதுவும் 'வெனித்' என்ற பன்மை ஏவலின் மிச்சம். ஆனால் 'உன்னை', 'உன்னுடைய' என்பவற்றுக்குரிய சொற்களை 'வோஸ்' 'து'விடமிருந்து கடன் வாங்கிக்கொண்டது. முதலில் சொன்ன கேள்வியில் வரும் 'தே' அந்தக் கடன்தான்.

ஊருக்கு ஊர் இந்தக் கலப்பு மாறும். சிலியில் 'வோஸ்' என்று வாய்விட்டுச் சொன்னால் முரட்டுத்தனம். நண்பர்கள் 'து' என்று சொல்லி 'வோஸ்' வினையைச் சேர்ப்பார்கள்: 'து தெனீஸ்'. அர்ஜென்டினாவின் சாந்தியாகோ தெல் எஸ்தேரோவில் தலைகீழ்: 'வோஸ் தியேனெஸ்'. வெனிசுவேலாவின் மராக்காய்போவில் 'வோஸ்' ஸ்பெயினின் பன்மை வினையை அப்படியே வைத்திருக்கிறது. கொலம்பியாவின் போயாக்காவில் 'மெர்செத்' இன்னொரு வடிவில் வாழ்கிறது: 'சுமெர்சே'. கடைக்காரர் வாடிக்கையாளரை அழைப்பதும் பிள்ளை தாயை அழைப்பதும் அந்த ஒரே சொல்லால்.

படித்தவர்கள் 'வோஸை' நெடுங்காலம் இழிவாகவே நடத்தினார்கள். 1847இல் ஸ்பானியம் பேசும் அமெரிக்கக் கண்டத்தவர்களுக்கென்றே இலக்கணம் எழுதிய ஆந்த்ரேஸ் பெல்லோ அதைக் கொச்சை என்றார். சிலிப் பள்ளிகளில் அவர் குரலுக்குப் பலன் இருந்தது; 'வோஸ்' அங்கே வினைக்குள் பதுங்கியதற்கு அதுவே முக்கியக் காரணம். 1941இல் ஸ்பானிய அறிஞர் அமெரிக்கோ காஸ்த்ரோ, பியூனஸ் அயர்ஸின் பேச்சை நோய் கண்ட மொழியாகச் சித்திரித்து நூல் எழுதினார். அர்ஜென்டின எழுத்தாளர் போர்ஹெஸ் அதற்குக் கடுமையாக மறுப்பு எழுதினார். நான் போர்ஹெஸ் பக்கம். சீத் அரசனிடம் பேசிய சொல், தலைமுறை விடாமல் தாய் வாயிலிருந்து பிள்ளை வாய்க்கு வந்த சொல், எப்படிப் பிழையாகும்? அதைப் பிழையென்று சொன்ன விதிதான் பின்னால் வந்தது. பள்ளியில் ஆசிரியர் 'து' என்று கற்பிப்பார், மணி அடித்ததும் அவரே 'வோஸ்' என்று பேசுவார். இந்த இரட்டை வாழ்வை அர்ஜென்டினாவின் பல தலைமுறைகள் சுமந்தன. 1982இல்தான் அர்ஜென்டின மொழிக் கழகம் 'வோஸை'ச் செம்மையான வழக்காக ஏற்றது.

நம்மிடையே ஸ்பானியம் கற்பவர்கள் பெருகிவருகிறார்கள். பெரும்பாலான பாடநூல்களின் வினை அட்டவணையில் 'து', 'உஸ்தெத்', 'வொசோத்ரோஸ்' இருக்கும், 'வோஸ்' இருக்காது. அர்ஜென்டினாவில் மட்டும் 4.5 கோடிக்கு மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள். உருகுவே, பராகுவே, நிகராகுவா, கோஸ்டா ரிகா மக்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அட்டவணையின் ஓரத்தில் நீங்களே ஒரு வரிசை கூடுதலாக எழுதி, 'தெனேஸ்', 'வெனீ' என்பவற்றையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.